அண்ணா சுற்றிய பாட்டு

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, என்னுடைய பத்தாம் வகுப்புக் கணித வகுப்பில் பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எங்கள் அம்மாவின் வசனம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான். "சத்தத்தைக் குறையடா, ஹெலி வந்தாக் கேளாது." நான் பலகையில் இருபடிச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா அதைச் சொன்னது 1992 இலோ 93 இலோ, எங்கள் வீட்டு விறாந்தையில், என்னையும் அண்ணாவையும் பார்த்து. அதற்குப் பிறகு அந்த வசனத்தை வாய்விட்டுச் சொன்னது நான்தான், அதுவும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளிடம். பெடியனுக்குப் பதினைந்து வயது. சண்டை முடிந்த வருடம் பிறந்தவன். ஹெலி என்றால் அவனுக்குப் பெரிய ஆட்கள் வரும்போது மைதானத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

"உதை எங்க கேட்டனி?" என்றேன். "யூடியூப்பில சேர். எங்கட ரீச்சற்ற புதுப் பாட்டு," என்றான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அடுத்த வரியையும் பாடிக் காட்டினார்கள். அடுத்த வரியில் ஒரு அப்பா, கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றுகிறார். அன்று வகுப்பை எப்படி முடித்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. காரணிப்படுத்தலில் ஒரு குறியைப் பிழையாகப் போட்டு, முன்வாங்குப் பிள்ளை ஒன்று திருத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த ரீச்சர் எனக்கும் ரீச்சர். நாற்பத்து மூன்று வயதில் நான் கிற்றார் பழகப் போகிறேன் என்பதை இங்கே எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மகளை வாய்ப்பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு ஒழுங்கைக்குள் வீடு. முன் அறையில் வகுப்பு, முற்றத்தில் பலா மரம், மரத்தடியில் பெற்றோருக்கு மூன்று பிளாஸ்ரிக் கதிரை. அங்கே இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்து ஒருநாள், "சும்மா இருக்கிற நேரம் நீங்களும் ஏதாவது பழகுங்கோவன் சேர்," என்று கேட்டா. என்னை அவ சேர் என்றுதான் கூப்பிடுவா, ஏனென்றால் 2011 ஆம் ஆண்டு ஓ.எல் (சாதாரண தர) பிரிவில் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை. நான் அவவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் குழப்பம். மகளுக்கு முன்னால் "ரீச்சர்" என்பேன். கிற்றாரைக் கையில் எடுத்து விரல் நோகத் தொடங்கினால் "பிள்ளை, கொஞ்சம் பொறு" என்று வந்துவிடும்.

அவவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்: வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக ஏறி முடித்து, மருதனார்மடத்தில் நுண்கலை படித்து வெளியே வந்தவ. அரச ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் பொப் பாட்டு எழுதத் தொடங்கி, நியமனம் வந்த பிறகும் நிறுத்தாமல், பிறகு நியமனத்தை நிறுத்திவிட்டா. அந்தக் கடைசிச் செய்தி ஒழுங்கை முழுக்க ஒரு மாதம் பேசப்பட்டது. இப்போது சாப்பாடு போடுவது வகுப்புகள்தான். "யூடியூப் அனுப்புற காசு சுருதிப் பெட்டிக்குக் கரண்ட் கட்டவும் காணாது சேர்," என்று ஒருமுறை சொன்னா. சின்னப் பிள்ளைகளுக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை. கொஞ்சம் வளர்ந்தவைக்குக் கீபோர்ட், கிற்றார். இரவு பத்து மணிக்குப் பிறகு, நாய்கள் அடங்கி, கோயில் ஒலிபெருக்கியும் நின்ற பிறகு, அதே அறையில் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்திவிட்டுத் தன் பாட்டுகளைப் பதிவு செய்வா. பகலில் பதிவு சரிவராது. மீன்காரரின் ஹோர்ன் ஒரு பக்கம், பாண் ஓட்டோ மறுபக்கம். அந்த ஓட்டோவில் போகும் இசை பீத்தோவன் எழுதிய ஃபுர் எலீஸ் என்பது இங்கே அனேகருக்குத் தெரியாது. கீபோர்ட் பிள்ளைகளுக்கு அதை அவ வாசித்துக் காட்டியபோது முழு வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்ததாம். "ரீச்சர், உது பாண்காரன்ர பாட்டு!" பிறகு ஒரு வாரம் அந்தப் பாட்டைத் தவிர வேறெதையும் பழக மாட்டோம் என்று அடம்பிடித்தார்களாம்.

நடுவிரல்

என்னுடைய வருத்தம் நாலாவது எண்ணிக்கை. நாலு எண்ணிக்கைத் தாளத்தில் மூன்று வரை ஒழுங்காக வருவேன், நாலாவதில் ஒரு நூல் பிந்துவேன். எத்தனை தரம் வாசித்தாலும் அதே இடம். ரீச்சர் கிற்றாரை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, என்னை மகளோடு நிலத்தில் இருத்தி, ஆதி தாளம் போட வைத்தா. லகு என்கிற முதல் பகுதிக்கு ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதன் பிறகு இரண்டு திருதம், தட்டும் வீச்சுமாக. எட்டு அட்சரம். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். எனக்கு நடுவிரலில் பிந்தியது. கிற்றார் கையில் இல்லாதபோதும் பிந்தியது என்பதுதான் அவவுக்கு விசித்திரமாக இருந்தது. "ஏ மைனரில இருந்து எஃப்புக்குப் போகவேணும் எண்ட பயத்தில பிந்துறியள் எண்டு நினைச்சன். இது வேற ஏதோ," என்றா.

கிற்றார் பழகியவர்களுக்கு அந்த எஃப் பற்றித் தெரியும். ஆட்காட்டி விரலை முதல் கட்டத்தில் குறுக்காகப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் ஒன்றாக அமத்த வேண்டும். பழகத் தொடங்குகிற முக்கால்வாசிப் பேர் கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவது அந்த இடத்தில்தான். நானும் தள்ளியிருப்பேன், ஆனால் ரீச்சர் என் மாணவியாக இருந்தவ என்ற மானப் பிரச்சினை ஒன்று இருந்தது. சரி, பிந்துவதற்குக் காரணம் கேட்கிறாவே, எதையாவது சொல்லித் தப்புவோம் என்றுதான் அந்தக் கதையைத் தொடங்கினேன். "பிள்ளை, நான் பாட்டுக் கேட்டுப் பழகினது டைனமோவில. எங்கட காதுக்குள்ள பாட்டு எப்பவும் கொஞ்சம் இழுபட்டுத்தான் போகும்."

அவ 1995 இல் பிறந்தவ. டைனமோவில் பாட்டுக் கேட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறா, ஆனால் எப்படி என்று தெரியாது. "எப்பிடி சேர்?" என்று கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டா. அந்தக் கேள்வியில் ஒரு ஆசிரியர் விழுந்துவிடுவான். அன்று அரை மணித்தியாலம் நான்தான் பாடம் எடுத்தேன்.

4.76 சென்ரிமீற்றர்

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்த பொருள். மண்ணெண்ணெய் கிராக்கி, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் ஊற்றித் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. இதெல்லாம் எங்கள் வயதுக்காரருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புளித்துப்போன கதை, விடுகிறேன். எங்கள் வீட்டில் நாலு பெரிய பற்றரி போடும் ரேப் றெக்கோடர் ஒன்று இருந்தது. ஒரு பற்றரி ஒன்றரை வோல்ற், நாலுக்கு ஆறு வோல்ற். சைக்கிள் டைனமோ தருவதும் ஆறு வோல்ற். ஆனால் அது ஆடலோட்டம், றெக்கோடருக்கு வேண்டியது நேரோட்டம். அண்ணா அப்போது ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற வயது. றேடியோ திருத்தும் கடை ஒன்றில் போய் இருந்து பழகி, நாலு டயோட்டும் ஒரு கபாசிற்றரும் வைத்து ஒரு சின்னப் பலகைத் துண்டில் பற்றுப்பிடித்துக் கொண்டு வந்தான். சைக்கிளை இருக்கையும் ஹாண்டிலும் நிலத்தில் படக் கவிழ்த்து வைப்பான். டைனமோவின் தலையைப் பின் டயரில் சாய்ப்பான். பிறகு பெடலைக் கையால் சுற்றுவான்.

அதிலிருந்த நுணுக்கம் என்னவென்றால், வேகமாகச் சுற்றினால் பாட்டு வேகமாகாது. றெக்கோடரின் மோட்டருக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வோல்ற் கூடினாலும் நாடா ஒரே வேகத்தில்தான் போகும். கசற் நாடாவின் கணக்கு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர். ஆனால் வோல்ற் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த ஏற்பாடு கைவிட்டுவிடும். அதாவது அண்ணா எவ்வளவு முறுக்கினாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது, களைத்தால் மட்டும் பாட்டு இழுபடும், சுருதியும் சேர்ந்து இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதும் எளிய கணக்குத்தான். கிற்றாரில் பன்னிரண்டு கட்டம் ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும். அப்படியென்றால் ஒரு கட்டத்துக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம். நாடா 4.76 இலிருந்து நாலரைக்கு வந்தால் பாடுகிறவர் ஒரு கட்டம் இறங்கிப் பாடுகிறார். இதை நான் ரீச்சரின் சின்ன வெண்பலகையில் எழுதிக் காட்டினேன். மகள் கொட்டாவி விட்டாள்.

நான் பெடலுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பேன். அண்ணாவின் கை தொய்வது பாட்டில் கேட்பதற்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிடும், மூச்சு மாறும். ஒரு அடிக்குள் அந்தத் தொய்வு வரும், அவன் உன்னிச் சுற்றுவான், பாட்டு மேலே ஏறும். இப்படி ஏறி இறங்கித்தான் எனக்குப் பாட்டு அறிமுகம். பிறகு கொழும்பில் ஒரு பஸ்ஸில் அதே பாட்டை முதல் தடவையாக ஒழுங்கான வேகத்தில் கேட்டபோது, யாரோ சின்னப் பெடியன் பாடுகிறான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த குரல் அதைவிடக் கனமானது.

அம்மாவுக்குப் பாட்டில் பிரச்சினை இல்லை. சத்தத்தில்தான். ஹெலி வருவது தூரத்தில் இருக்கும்போதே கேட்டால் பங்கருக்குள் ஓடலாம். பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்ற பயம். குசினியிலிருந்து கத்துவா. அந்த வசனத்தைத்தான் நான் அன்று ரீச்சரிடம் சொன்னேன், அம்மாவின் குரலிலேயே. 1995 ஐப்பசி முடிவில் எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது றெக்கோடர் வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் யன்னல்கூட இல்லை. அண்ணா அதற்குப் பிறகு கொழும்பு, அங்கிருந்து கனடா. கதை முடிந்தது. "எப்பிடியெல்லாம் இருந்திருக்கிறியள் சேர்," என்றா ரீச்சர். பிறகு, "ஆனா நீங்கள் பிந்துறதுக்கு இது காரணமில்லை, வீட்டில பழகிறேல்ல, அதுதான்," என்று சொல்லிக் கிற்றாரைத் திரும்பத் தந்தா.

அப்பா, அண்ணா

பாட்டை அன்றிரவே முழுதாகக் கேட்டேன். நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொடக்கத்தில் சைக்கிள் பின்சில்லின் கிரிக் கிரிக் சத்தம், அதுவே மெல்ல மெல்லத் தாளமாகிவிடுகிறது. நல்ல வேலைதான். எழுத்துத் தமிழ் ஒரு சொல்கூட இல்லை, முழுக்க எங்கள் பேச்சு. எங்கள் பக்கத்துக்கு இது புதிதல்ல. பக்கத்து ஊரான உரும்பிராயிலிருந்து வந்த நித்தி கனகரத்தினமும், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயரெடுத்த ஏ.ஈ. மனோகரனும் பாடிய காலத்திலேயே பேச்சுத் தமிழ் மேடையேறிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டுகளை நாங்கள் பகிடியாகவே எடுத்துக்கொண்டோம். கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு போடுகிற பாட்டு. பொப் என்றால் சிரிக்கவேண்டும், அழுவதற்குச் சினிமாப் பாட்டு, கும்பிடுவதற்குத் தேவாரம் என்று பங்கு பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பங்குப் பிரிப்பில் எங்கள் அம்மா பொப்புக்குள் போய்விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லையோ என்று இப்போது யோசிக்கிறேன்.

அப்போது அப்படி யோசிக்கவில்லை. கோபம்தான் வந்தது. கேட்டிருக்கலாமே என்ற கோபம். அம்மா போய் ஆறு வருடம். அவவின் வசனம் பல்லவியாகி, சந்தியில் நிற்கிற பெடியளின் வாயில் கிடக்கிறது. அண்ணாவைக் காணவில்லை, அவன் இடத்தில் ஒரு அப்பா. எங்கள் அப்பா அந்தப் பெடலைத் தொட்டதே கிடையாது. அவருக்குப் பாட்டே பிடிக்காது. இரண்டு கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. மகளைப் படலையில் இறக்கிவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் போய் நின்றேன். மனைவி, "நீங்கள்தானே வாய் காட்டினது," என்று ஒரே வசனத்தில் விசயத்தை முடித்துவிட்டா. அதற்குமேல் வீட்டில் ஆறுதல் கிடைக்கவில்லை.

மூன்றாம் கிழமை போனேன். மகளின் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் செருப்புத் தேடிப் போன பிறகு, கிற்றாரை உறையிலிருந்து எடுக்காமலே கேட்டேன். "பிள்ளை, அது எங்கட அண்ணாவெல்லோ? அப்பா இல்லையே." அவ உடனே பதில் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியை நிற்பாட்டினா. அறை திடீரென்று வெறுமையானது மாதிரி இருந்தது, அந்த ஐந்து கட்டைச் சத்தம் அதுவரை ஓடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

"முதல் அண்ணா எண்டுதான் எழுதினனான் சேர். ரெண்டும் ஒரே அளவுதானே, தாளத்தில ஒரு வித்தியாசமும் வராது. ரெக்கோட் பண்ணிப் போட்டு ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டினன். ரெண்டு பேரும் அழுதினம். அண்ணா செத்திட்டாரோ எண்டு கேட்டினம். தொண்ணூறாம் ஆண்டுக் கதையில இஞ்ச அண்ணா எண்டு பாடினால் கேக்கிற ஆக்கள் அப்பிடித்தான் நினைப்பினம். உங்கட அண்ணா ஸ்காபரோவில நல்லாத்தானே இருக்கிறார். அவரை ஏன் சாகடிப்பான் எண்டு அப்பாவாக்கினன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சொல்லை மாற்றுவதற்கு இவ்வளவு யோசனை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவ சொன்னது உண்மை. அந்தக் காலத்தை வைத்து இந்த ஊரில் "அண்ணா" என்று ஒரு பாட்டுத் தொடங்கினால், முற்றத்தில் ஒரு படமும் மாலையும் தானாக வந்து நின்றுவிடும். ஆனாலும் என் கோபம் அந்த இடத்தில் இல்லையே. "சரி, மாத்தினது இருக்கட்டும். எடுத்ததுக்கு முதல் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்," என்றேன். கொஞ்சம் வாத்தியார்க் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். வகுப்பில் வீட்டுக்கணக்குச் செய்யாதவர்களிடம் பேசுகிற குரல்.

அவ சிரித்தா. கோபமில்லாத சிரிப்புத்தான், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "சேர், உங்கட வகுப்பில என்னைப் பற்றி ஒரு கதை சொல்லுறனீங்களாம். வருசா வருசம் சொல்லுறனீங்களாம். என்னட்டக் கிற்றார் பழகிற பெடியள் வந்து சொல்லுவினம். கேட்டே சொல்லுறியள்?"

நான் அந்தக் கதையைச் சொல்வது உண்மை. இருபடிச் சமன்பாடு தொடங்கும் நாளில் சொல்வேன், பிள்ளைகள் நித்திரை தூங்கும் நேரத்துக்கு அளவான கதை. இந்த வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை, கணக்குக் கொப்பியின் பின் பக்கம் முழுக்கப் பாட்டு எழுதி வைத்திருந்தது. நான் அதைக் கண்டுபிடித்தேன், வாசித்தேன், 'பிள்ளை, நீ வேற ஆள், உன்ர வழி இதுதான்' என்று சொன்னேன், இன்றைக்குப் பாருங்கள் ஊரே பாடுகிறது. இப்படித்தான் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

"அண்டைக்கு நீங்கள் அதை வாசிச்சனீங்கள்தான் சேர்," என்றா. "சத்தமா. முழு வகுப்புக்கும். 'மழை' எண்டு வாற இடத்தில குடை பிடிக்கிற மாதிரி அக்சனும் போட்டனீங்கள். பெடியள் எனக்குப் பிறகு ஒரு தவணை முழுக்கக் குடை எண்டு பட்டம் வைச்சவங்கள். வழி கிழி எண்டு நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல. 'பரீட்சையில உதைக் கேக்க மாட்டாங்கள்' எண்டு சொல்லிக் கொப்பியைத் தந்தனீங்கள்."

வெளியே மகள் பலா மரத்தடியில் கல்லை உதைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உண்மையாகவே அந்தக் குடை ஞாபகம் இல்லை. ஆனால் அது நான் செய்யக்கூடிய வேலைதான். மழை என்ற சொல்லைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை அந்தப் பக்கம்தான் போகும். அவ பொய் சொல்லவில்லை என்பது அந்தக் கையிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லிச் சொல்லி, என் கதையில் நான் நல்லவனாகிவிட்டேன். அவவின் பாட்டில் ஒரு சொல்தான் மாறியிருந்தது, அதுவும் என் அண்ணாவைக் காப்பாற்றுவதற்காக.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. "அப்பிடியே?" என்று மட்டும் கேட்டேன். அவவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "விடுங்கோ சேர், கிற்றாரை எடுங்கோ, நேரம் போகுது," என்றா. அன்று எனக்கு நாலாவது மட்டுமில்லை, இரண்டாவதும் பிந்தியது.

மூன்று மாதம் கழிந்து

கேட்டிருக்க வேண்டும் என்ற என் அபிப்பிராயம் இன்னும் போகவில்லை. வகுப்பில் சொன்ன கதை சந்தைக்குப் போகிற கதை இல்லை. பாட்டுக்கு விளம்பரம் வருகிறது, கொஞ்சமோ நஞ்சமோ காசு வருகிறது, பெயர் அவவுக்கு வருகிறது. என் கதைக்கு என்ன வந்தது, நாற்பது பிள்ளைகளின் ஐந்து நிமிடச் சிரிப்பு. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் என் பக்கம் பாரம் குறைவு என்று மனம் சொல்லும். ஆனால் பேர் தெரியாமல் சந்தியில் பாடப்படுவது எங்கள் அம்மா. பேர் தெரிந்து வகுப்பில் சிரிக்கப்பட்டது அந்தப் பிள்ளை. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பிறகு ஒரு கேள்வி: பாட்டு எழுதுகிற ஆள் வகுப்பும் எடுத்தால் கேட்பதையெல்லாம் கேளாத மாதிரி இருக்க முடியுமா? அவவின் வகுப்பில் வாரத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகள் வந்து போகின்றன. சுருதிக்கு வாய் திறக்கிற பிள்ளை வீட்டுக் கதைக்கும் வாய் திறக்கும். மகளிடம் விசாரித்துப் பார்த்ததில், எங்கள் வீட்டுச் சண்டைகள் ஒன்றிரண்டு ஏற்கெனவே அந்த அறைக்குப் போயிருக்கின்றன. அடுத்த பாட்டை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடப் புதுப் பிரிவுக்கு இருபடிச் சமன்பாடு தொடங்கிய நாளில், யாரோ சொல்லிக் கொடுத்து, பெடியள் தாங்களாகவே அந்தக் கதையைக் கேட்டார்கள். நடந்தபடி சொன்னேன். குடை உட்பட. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வாங்கில் ஒரு பிள்ளை மெதுவாகத் தன் கொப்பியைப் புரட்டி, பின் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டது. நான் பார்க்காத மாதிரிப் பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பாட்டை அண்ணாவுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று கனநாள் வைத்திருந்தேன். அவன் அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்கிறவன் இல்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒன்றும் எழுதாமல், இணைப்பை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு உடனே வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஐந்து குரல் பதிவு. முதலாவது முழுக்க இருமல். இரண்டாவதில் ஒன்றும் இல்லை, வாகனத்துக்குள் இருந்து பேச வந்து விட்ட மாதிரி. மூன்றாவதில்தான் கதை தொடங்குகிறது, அதுவும் அம்மாவைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ இல்லை. அந்தப் பாட்டின் முடிவில் ரீச்சர் ஒரு வேலை செய்திருக்கிறா. கடைசி வரியில் முழுப் பாட்டும் ஒரு கட்டம் இறங்கி, இழுபட்டு, பெடலை விட்டதுபோல நின்றுவிடும். கணினியில் சுருதிக் கோட்டைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்ததாகச் சொன்னா.

"டேய்," என்கிறான் அண்ணா, "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில இழுபடுதே, அது பொய். நான் ஒரு நாளும் அப்பிடி விடேல்ல. ஒருக்காக் கூட விடேல்ல. ஆர் அந்தப் பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னது?"

அடுத்த வகுப்பில் அதை ரீச்சருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டா. பிறகு என்னைப் பார்த்து, "ஆர் சொல்லுறது சரி சேர்?" என்றா. எனக்கு நல்ல நினைவிருக்கிறது, பாட்டு இழுபட்டது, அவன் மூச்சு மாறியது, எல்லாம். ஆனால் போனில் அவன் குரல் அவ்வளவு ரோசமாக இருந்தது. "அவன்தான் சுத்தினவன்," என்றேன். அவ தலையாட்டிவிட்டு, சுருதிப் பெட்டியைப் போட்டா.